கமிட் ஆகாதபோது: கிட் பழகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்கு அப்பால் ஒரு சிறிய பட்டினத்தில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், சுற்றுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நிரலெழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இருப்பவை ஆறு கணினிகள். ஒன்றை இருவரோ மூவரோ பகிர்ந்துகொள்ள வேண்டும். வீட்டில் மடிக்கணினி உள்ள சிலர் செய்த வேலையைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். அவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "சேர், கமிட் ஆகுதில்ல" என்பதாகும். கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்; அப்படிப் பதிவதுதான் கமிட். எழுந்துபோய்ப் பார்த்தால், என்ன கோளாறு என்பதும் அதை எப்படித் தீர்ப்பது என்பதும் பெரும்பாலும் திரையிலேயே எழுதப்பட்டிருக்கும். அது ஆங்கிலத்தில் நாலைந்து வரிகளாக வந்து விழுவதால், பிள்ளைகள் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டு, படிக்காமலே அதே கட்டளையை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிகளை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். ஒற்றைக் கோடு (-), இரட்டைக் கோடு (--) என்று நான் சொல்லும் இடங்களில் கோட்டுக்கும் அதையடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது.

முதற்படி: எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளக் கருவின் (கெர்னல்) வேலைக்காக எழுதிய கிட், ஒரு கோப்பில் செய்யும் மாற்றத்தை மூன்று நிலைகளில் வைத்துப் பார்க்கிறது. கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. மலையில் பறித்துக் கூடையில் கிடக்கும் கொழுந்து முதல் நிலை. மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) கொண்டுவந்து தராசில் ஏற்றியது இரண்டாம் நிலை. கணக்கப்பிள்ளை நிறையைப் பார்த்து ஏட்டில் எழுதியது மூன்றாம் நிலை. கோப்பைத் திருத்திச் சேமிப்பது கூடையில் போடுவதற்குச் சமம். ‘கிட் அட்’ என்பது தராசில் ஏற்றுவது. ‘கிட் கமிட்’ என்பது ஏட்டில் எழுதுவது, அதிலும் தராசில் இருப்பதை மட்டுமே எழுதுவது. ஒரு கோப்பை அட் செய்த பிறகு அதே கோப்பை மறுபடி திருத்தினால், புதிய திருத்தம் கமிட்டில் சேராது. நிறுத்தபின் பறித்த கொழுந்து அந்த நிறையில் சேராதது போலத்தான். திருத்தத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் மீண்டும் ஒருமுறை அட் செய்ய வேண்டும்.

ஆகவே கமிட் எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டாலும், வேறெதையும் தட்டுமுன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று தட்டுங்கள். அந்தக் கட்டளை எதையும் மாற்றாது, நிலையைச் சொல்வதோடு நின்றுவிடும். அதில் ‘சேஞ்சஸ் டு பி கமிட்டட்’ என்ற தலைப்பின் கீழ் வருபவை தராசில் இருப்பவை. ‘சேஞ்சஸ் நொட் ஸ்டேஜ்ட்’ என்பதன் கீழ் வருபவை கூடையில் இருப்பவை. ‘அன்ட்ராக்ட் ஃபைல்ஸ்’ என்பதன் கீழ் வருபவை கிட்டுக்கு இதுவரை அறிமுகமே ஆகாத புதுக்கோப்புகள். ‘நோ சேஞ்சஸ் அடட் டு கமிட்’ என்று மறுக்கப்பட்டால் தராசு வெறுமையாக இருக்கிறது என்று பொருள். அட் செய்தால் போதும்.

‘நத்திங் டு கமிட், வேர்க்கிங் ட்ரீ க்ளீன்’ என்பது பிழைச்செய்தியே அல்ல. கடைசிக் கமிட்டுக்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்று கிட் சொல்கிறது. "இல்லை, நான் மாற்றினேன்" என்று நீங்கள் உறுதியாக இருந்தால், மூன்று இடங்களைப் பாருங்கள். எடிட்டரில் கோப்பைச் சேமித்தீர்களா? விஎஸ் கோட் எடிட்டரில், சேமிக்காத கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி தெரியும். அடுத்து, நீங்கள் திருத்திய கோப்பு, டெர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்) நிற்கும் கோப்புறைக்குள்தான் இருக்கிறதா? பென்டிரைவில் ஒரு பிரதி, டெஸ்க்டொப்பில் ஒரு பிரதி என்று வைத்திருப்பவர்கள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதில் நின்று கமிட் செய்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடைசியாக, அந்தக் கோப்பு, கிட் கவனிக்காமல் விட வேண்டியவற்றைச் சொல்லும் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் அகப்பட்டிருக்கலாம். ‘கிட் செக்-இக்னோர்’ என்பதோடு ஒற்றைக் கோடு ‘வி’யும் கோப்பின் பெயரும் கொடுத்தால், எந்தக் கோப்பின் எந்த வரி அதை மறைக்கிறது என்று காட்டிவிடும். வெற்றுக் கோப்புறையைக் கிட் எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே ஒரு கோப்பாவது இருக்க வேண்டும்.

‘நொட் எ கிட் ரெப்போசிட்டரி’ என்று வந்தால், நீங்கள் நிற்கும் கோப்புறையிலோ அதற்கு மேலுள்ள கோப்புறைகளிலோ ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை இல்லை என்று பொருள். உடனே, புதிய களஞ்சியம் (ரெப்போசிட்டரி, அதாவது கிட் வரலாறு வைத்திருக்கும் கோப்புறை) தொடங்கும் ‘கிட் இனிட்’ கட்டளையைத் தட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் தவறான கோப்புறையில் நிற்பீர்கள். அங்கே இனிட் செய்தால் உங்கள் படங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரு களஞ்சியம் முளைத்துவிடும். முதலில் சரியான கோப்புறைக்குப் போய்ப் பார்த்து, அங்கும் இதே செய்தி வந்தால் மட்டும் இனிட் செய்யுங்கள்.

இரண்டாம் படி: பெயரும் செய்தியும்

புதிதாக நிறுவிய கிட்டில் முதல் கமிட் செய்யும்போது ‘ப்ளீஸ் டெல் மீ ஹு யூ ஆர்’ என்று கேட்டு அது நின்றுவிடும். தோட்டத்தில் வேலைக்குப் போனவருக்குப் பேர் விழவில்லையென்றால் அந்த நாள் கணக்கில் இல்லை அல்லவா. கிட்டும் பேரில்லாமல் எதையும் ஏட்டில் ஏற்றாது. ‘கிட் கொன்ஃபிக்’ என்பதுடன் ‘யூசர்.நேம்’ என்று கொடுத்து இரட்டை மேற்கோளுக்குள் உங்கள் பெயரையும், இன்னொரு முறை ‘யூசர்.ஈமெயில்’ என்று கொடுத்து மின்னஞ்சல் முகவரியையும் பதிய வேண்டும். பெயரைத் தமிழிலேயே எழுதலாம்.

கிட் தானே காட்டும் எடுத்துக்காட்டில் இரட்டைக் கோட்டுடன் ‘குளோபல்’ என்ற சொல் இருக்கும். சொந்தக் கணினியில் அது நல்லது. எங்களுடையதைப் போன்ற பொதுக் கணினியில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், அதே கணக்கில் அடுத்து உட்காரும் பிள்ளையின் வேலையெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். எங்கள் வகுப்பில் ஒரு மாதம் முழுவதும் ஒரே ஒரு மாணவியின் பெயரில் ஆறு பேரின் கமிட்டுகள் ஏறியிருந்தன. பாவம், எழுதாத பிழைகளுக்கெல்லாம் அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் பெயர் அந்த ஒரு களஞ்சியத்துக்குள் மட்டும் இருக்கும். கடைசிக் கமிட் தவறான பெயரில் போய்விட்டதென்றால், பெயரைச் சரிசெய்தபின் ‘கிட் கமிட்’ என்பதோடு இரட்டைக் கோடு ‘அமெண்ட்’, இரட்டைக் கோடு ‘ரீசெட்-ஓதர்’ இரண்டையும் சேர்த்துத் தட்டினால் மாறிவிடும். ஆனால் இன்னும் வேறிடத்துக்கு அனுப்பாத கமிட்டுக்கு மட்டுமே இதைச் செய்யுங்கள்.

அடுத்துச் செய்தி. ஒற்றைக் கோடு ‘எம்’ போட்டு அதன் பக்கத்தில் செய்தியை எழுதும்போது மேற்கோள் குறி இல்லாவிட்டால், முதற்சொல்லை மட்டும் செய்தியாக எடுத்துக்கொண்டு, மற்றச் சொற்களைக் கோப்புப் பெயர்கள் என்று கிட் நினைக்கும். "எடை சேர்த்தேன்" என்று எழுத நினைத்தவருக்கு, ‘சேர்த்தேன்’ என்ற கோப்பு எனக்குத் தெரியாது என்ற பொருளில் ‘பாத்ஸ்பெக் டிட் நொட் மேட்ச்’ என்று பதில் வரும். மேற்கோள் போட்டும் இதே பதில் வந்தால், அந்தக் குறியை உற்றுப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்ட் ஆவணத்திலோ எழுதி ஒட்டிய கட்டளையில் மேற்கோள்கள் வளைந்திருக்கும். பெரும்பாலான டெர்மினல்களுக்கு அவை மேற்கோளே அல்ல. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோளும் எடுபடாது. நேரான இரட்டை மேற்கோளை விசைப்பலகையிலிருந்து நீங்களே தட்டுவதுதான் எல்லா இடத்திலும் செல்லும்.

‘எம்’ போடாமல் கமிட் என்று மட்டும் தட்டினால் ஓர் எடிட்டர் திறக்கும். அது பெரும்பாலும் விம் ஆக இருக்கும். அதற்குள் போய் வெளியே வரத் தெரியாமல் கணினியையே அணைத்தவர்கள் உண்டு. எழுதத் தொடங்க ‘ஐ’ விசையைத் தட்டுங்கள். எழுதி முடித்தபின் எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி (:), டபிள்யூ, க்யூ என்று தட்டி என்டர் கொடுங்கள். கமிட்டே வேண்டாமென்றால், செய்தி எதையும் சேமிக்காத நிலையில், எஸ்கேப்புக்குப் பின் முக்காற்புள்ளி, க்யூ, வியப்புக்குறி. அப்போது ‘அபோர்ட்டிங் கமிட் டியூ டு எம்ப்டி கமிட் மெசேஜ்’ என்று வருவது பிழையல்ல, நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. செய்தியை எழுதிச் சேமித்த பின்பும் இதே வரி வந்தால், ஹாஷ் குறியில் (#) வரியைத் தொடங்கினீர்களா என்று பாருங்கள்: எடிட்டரில் அந்தக் குறியோடு தொடங்கும் வரிகளைக் குறிப்புரை என்று கருதிக் கிட் நீக்கிவிடும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை. எங்கள் மாணவன் ஒருவன் தன் வீட்டாரின் அன்றாடக் கொழுந்து நிறையைக் கூட்டிப் பார்க்கப் பைதான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினான்; தரவுக் கோப்புக்குக் ‘கொழுந்து’ என்று பெயர் வைத்தான். ஸ்டேட்டஸ் பார்த்தபோது அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225\340\257\212 என்று தொடங்கி ஒரு நீண்ட எண்வரிசை வந்தது. கோப்பு பழுதாகிவிட்டது என்று அவன் அதை அழிக்கப்போன நேரத்தில் நான் தற்செயலாகப் பக்கத்தில் நின்றேன்.

கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; ஆங்கிலத்துக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைக் கிட் இயல்பாகவே எட்டை அடியாகக் கொண்ட எண்களாக மாற்றிக் காட்டுகிறது. மேலே உள்ளதில் முதல் மூன்று எண்கள் ‘க’, அடுத்த மூன்று ஒகரக் குறி. ‘கிட் கொன்ஃபிக், இரட்டைக் கோடு குளோபல், கோர்.குவோட்பாத், ஃபோல்ஸ்’ என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால் பெயர்கள் தமிழிலேயே தெரியும். இது எல்லோருக்கும் நன்மையான அமைப்பு என்பதால் பொதுக் கணினியிலும் குளோபல் போடலாம்.

இதைவிடச் சூட்சுமமான சிக்கல் ஒன்று உண்டு, அதுவும் அதே பெயரிலேயே வந்தது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம், ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிட் பைட்டுகளைத்தான் பார்க்கிறது என்பதால் அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கைபேசியில் ஒரு விசைப்பலகையால் பெயரிட்ட கோப்பை, கணினியில் வேறொரு விசைப்பலகையால் பெயரைத் தட்டி அட் செய்யப் போனால், கண்முன்னே இருக்கும் கோப்பையே ‘பாத்ஸ்பெக் டிட் நொட் மேட்ச்’ என்று கிட் மறுப்பது இதனால்தான். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. பெயரைக் கையால் தட்டாமல், அதன் முதலெழுத்தைத் தட்டி டாப் விசையால் நிரப்ப முயலுங்கள். முதலெழுத்திலேயே ஒகரம் இருந்தால் ககரத்தோடு நிறுத்தி டாப் அழுத்துங்கள். அல்லது ‘கிட் அட்’ போட்டு ஒரு புள்ளி வைத்து, நிற்கும் கோப்புறையின் மாற்றங்கள் அனைத்தையும் ஏற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால், கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்ளடக்கத்தையும் கமிட் செய்தியையும் தமிழிலும் வைத்துக்கொள்வது நிம்மதி. தமிழில் செய்தி எழுதக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிட்டின் இயல்பான குறியேற்றமே யூடிஎஃப்-8தான்.

மின்சாரம் போனபின்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கள் பக்கம் பிற்பகல் ஆனால் இடி முழங்கும்; கூடவே மின்சாரமும் போகும். கமிட் நடந்துகொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் இரண்டு விதமான எச்சங்கள் மிஞ்சலாம்.

ஒன்று சாதாரணமானது. ‘.கிட்’ கோப்புறைக்குள் ‘இன்டெக்ஸ்.லொக்’ என்ற கோப்பு அப்படியே கிடந்து, ‘அனேபிள் டு கிரியேட்... ஃபைல் எக்சிஸ்ட்ஸ்’ என்று மறுப்பு வரும். ஒரே நேரத்தில் இருவர் தராசில் கைவைக்காதபடி கிட் போடும் பூட்டு அது. போட்டவர் பாதியில் போய்விட்டார். வேறொரு டெர்மினலிலோ விஎஸ் கோட்டிலோ கிட் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா, எங்காவது கமிட் செய்தி எழுதும் எடிட்டர் மூடப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவும் இல்லையென்று உறுதியானபின் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டுக் கமிட்டை மீண்டும் தட்டுங்கள்.

மற்றது கொஞ்சம் கடுமையானது. ‘ஒப்ஜெக்ட் ஃபைல்... இஸ் எம்ப்டி’ என்றும் ‘லூஸ் ஒப்ஜெக்ட்... இஸ் கரப்ட்’ என்றும் வரும். கிட் எழுதிய பொருள் வன்தட்டில் முழுமையாகப் பதியுமுன் மின்சாரம் போனதால், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் உருவாகியிருக்கின்றன. என் சொந்தக் கணினியிலேயே இது நடந்த அன்று, பதற்றத்தில் இணையத்தில் கண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ‘ரீசெட்’டுடன் ‘ஹார்ட்’ சேர்த்து, நன்றாகவே இருந்த கோப்புகளின் இரண்டு நாள் வேலையையும் நானே அழித்துக்கொண்டேன். களஞ்சியம் பழுதாவதும் கோப்புகள் பழுதாவதும் வேறு வேறு என்பதை அன்றுதான் பாடமாகக் கற்றேன். நீங்கள் இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் கோப்புறை முழுவதையும், ‘.கிட்’ உட்பட, வேறிடத்தில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். கிட்ஹப் போன்ற இணையக் களஞ்சியத்துக்கு அண்மையில் அனுப்பியிருந்தால் வேலை இலேசு: அங்கிருந்து புதிய கோப்புறைக்குக் ‘குளோன்’ செய்து, பழைய கோப்புறையிலிருந்து ‘.கிட்’ தவிர்ந்த கோப்புகளைப் புதியதன்மேல் ஒட்டி, அங்கே கமிட் செய்துவிடலாம். அனுப்பாத கமிட்டுகளின் தனித்தனி வரலாறு போய்விடும், வேலை போகாது. எங்கும் அனுப்பவில்லையென்றால், ‘.கிட்’டுக்குள் ‘ஒப்ஜெக்ட்ஸ்’ கோப்புறையில் அளவு பூச்சியமாக உள்ள கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு, ‘கிட் எஃப்எஸ்சிகே’ தட்டி இன்னும் என்ன குறைகிறது என்று பாருங்கள். கடைசிக் கமிட்டே காணாமல் போயிருந்தால், ‘.கிட்’டுக்குள் ‘லொக்ஸ்’ கோப்புறையில் ‘ஹெட்’ என்ற கோப்பைத் திறவுங்கள். அதன் ஒவ்வொரு வரியும் பழைய கமிட்டின் எண், புதிய கமிட்டின் எண் என்ற வரிசையில் தொடங்கும். கடைசி வரியின் முதல் எண்ணை எடுத்து ‘கிட் அப்டேட்-ரெஃப் ஹெட்’ (இதில் ‘ஹெட்’ மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்) என்பதன் பின் ஒட்டினால், கிளை (நீங்கள் நிற்கும் கமிட் வரிசை) முந்தைய கமிட்டுக்குத் திரும்பும். பிறகு ‘.கிட்’டுக்குள் உள்ள ‘இன்டெக்ஸ்’ கோப்பை அழித்து, எதுவும் சேர்க்காமல் ‘கிட் ரீசெட்’ என்று மட்டும் தட்டினால், உங்கள் கோப்புகளைத் தொடாமல் தராசு மட்டும் புதிதாக அமையும். அதன்பின் அட், கமிட்.

யூபிஎஸ் இல்லாத இடத்தில் வேலை செய்வோர், கிட் 2.36 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், ‘கோர்.எஃப்சிங்க்’ என்ற அமைப்பை ‘ஓல்’ என்று வைக்கலாம். கமிட் சற்று மெதுவாகும். ஆனால் எழுதியது வன்தட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டே கிட் அடுத்த வேலைக்குப் போகும்.

இடையில் வரும் வேறு மறுப்புகள்

பென்டிரைவில் கொண்டுவந்த களஞ்சியத்தில் ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று வந்தால், கோப்புறையின் உரிமையாளர் நீங்கள்தான் என்று கிட்டால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று பொருள். 2022இல் ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்கச் சேர்த்த சோதனை இது. செய்தியின் கீழேயே ‘சேஃப்.டைரக்டரி’ என்று சொல்லும் முழுக் கட்டளையும் அச்சாகியிருக்கும். அதைப் பிரதிசெய்து ஒட்டினால் போதும். பாதைக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடச் சொல்வோரின் பேச்சைப் பொதுக் கணினியில் கேட்காதீர்கள்.

‘அன்மேர்ஜ்ட் ஃபைல்ஸ்’ என்று மறுத்தால், ஒரே வரியை இருவர் மாற்றியிருக்கிறீர்கள். கோப்பைத் திறந்தால் ஏழு சிறுமைக் குறிகளுக்கும் (<) ஏழு பெருமைக் குறிகளுக்கும் (>) நடுவில் இரண்டு வடிவங்களும் இருக்கும். வேண்டியதை வைத்து, குறிகளையும் நீக்கிச் சேமித்து, அட் செய்து கமிட் செய்யுங்கள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விடயம் இது. ஒருவர் மட்டும் தீர்த்தால் மற்றவரின் வேலை போய்விடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

குழுவாகச் செய்யும் வேலைகளில், கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை நிரல் ஒன்று வைத்திருப்பார்கள். அது தோற்றால் கமிட் நடக்காது. இரட்டைக் கோடு ‘நோ-வெரிஃபை’ போட்டால் அதைத் தாண்டலாம்தான். அதற்குமுன் அது எதற்காகத் தோற்றது என்று மேலே உருட்டிப் படியுங்கள்.

கமிட் ஆனதா என்று சரிபார்ப்பது

மழை இறங்கிவிட்டால் எங்கள் மண்டபத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். அப்போது "கமிட் ஆகவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு ஆகாதது கமிட் அல்ல, கமிட்டுகளைக் கிட்ஹப் போன்ற இடத்துக்கு அனுப்பும் புஷ். கமிட் முழுக்க முழுக்க உங்கள் கணினிக்குள் நடப்பது. அதற்கு டேட்டா ஒரு துளியும் வேண்டாம். புஷ்தான் இணையத்தை நாடுகிறது. ஆகவே மழை நாளில் தாராளமாகக் கமிட் செய்துகொண்டே இருங்கள். சிக்னல் வரும் மேட்டில் ஏறும்போது ஒரே புஷ்ஷில் எல்லாவற்றையும் அனுப்பலாம்.

இதற்கு எதிர்மாறாக, புஷ் செய்யும்போது வந்தாலும் கமிட்டைக் குறிக்கும் ஒரு செய்தி உண்டு. ‘எஸ்ஆர்சி ரெஃப்ஸ்பெக் மெயின் டஸ் நொட் மேட்ச் எனி’ என்று வந்தால், ‘மெயின்’ என்ற கிளையே உங்களிடம் இல்லை. இதுவரை ஒரு கமிட்கூட நடக்காமலிருக்கலாம். அல்லது உங்கள் கிளையின் பெயர் ‘மாஸ்டர்’ ஆக இருக்கலாம். கிட்ஹப் புதிய களஞ்சியங்களுக்கு 2020 ஒக்டோபர் முதல் மெயின் என்ற பெயரை வைக்கிறது. உங்கள் கணினியில் உள்ள கிட் இன்னும் மாஸ்டர் என்றே தொடங்கக்கூடும். ‘கிட் லொக்’ என்பதோடு இரட்டைக் கோடு ‘வன்லைன்’ போட்டுப் பாருங்கள். ஏழெட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியும், அதன் பக்கத்தில் நீங்கள் எழுதிய செய்தியும் தெரிந்தால் கமிட் ஏட்டில் ஏறிவிட்டது. ‘கிட் பிராஞ்ச்’ தட்டி, நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் உள்ள பெயரையே புஷ்ஷில் கொடுங்கள். கமிட்டே இல்லை என்று பதில் வந்தால், மீண்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’.